ஒரே குவியல், இரு மொழிப் பெயர்

தமிழ்நாட்டுக் கீழைக் கடற்கரையில் வேதாரணியம் என்றோர் ஊர் உண்டு. தேவாரம் பாடிய பெரியோர் அதனைத் திருமறைக்காடு என வழங்கினர். வேதம் என்பது மறை. ஆரணியம் என்பது காடு. ஊர் ஒன்று, பொருளும் ஒன்று. பெயர் மட்டும் இரு மொழிகளில் இரண்டாக நிற்கின்றது. விருத்தாசலமும் முதுகுன்றமும் இவ்வகையினவே. இப்பெயர்களை நாம் பலகால் எடுத்தாள்கிறோம். ஆயினும் ஓரிடத்துக்கு ஒரே பொருளில் இரு மொழிகளில் ஏன் பெயர் வந்தது, அதனைச் சூட்டியோர் எந்நிலையில் நின்று சூட்டினர் என்று ஆராய்வதில்லை. ஆராயப் புகினும், பெயர் சூட்டிய நாள் நமக்கு எட்டாத தொலைவில் மறைந்து கிடக்கின்றது.

இத்தகைய இரட்டைப் பெயர் பிறந்த வேளையையே நம் கண்முன் நிறுத்திக் காட்டும் பழைய நூல் ஒன்று உளது. அது யூதர்களும் கிறித்தவர்களும் போற்றும் ஆதியாகமம். அதன் 31 ஆம் அதிகாரத்து 47 ஆம் வசனத்தில் ஜெகர்சகதூதா என்னும் இடப்பெயர் வருகின்றது. விவிலியம் முழுவதிலும் இப்பெயர் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. வாயில் எளிதில் நுழையாத இப்பெயரை ஆலயத்தில் வாசிப்போர் சற்றே தடுமாறிக் கடந்துவிடுவர். ஆனால், பிழைப்பை நாடிப் பிறமொழி நாட்டிற்குச் சென்று, இருபது ஆண்டு அங்கே உழைத்து, மனைவி மக்களோடு ஊர் திரும்பிய ஒருவனின் வரலாற்றோடு பிணைந்த பெயர் இது. ஆதலின் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ் நேயர்களோடு இதனைப் பற்றிப் பேசுதல் பொருத்தமுடையதென எண்ணுகிறோம்.

முதற்கண் வரலாற்றைக் காண்போம். யாக்கோபு, ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் பிறந்தவன். தமையன் ஏசாவின் சினத்துக்கு அஞ்சி, அன்னையின் சொற்படி, அவள் பிறந்த ஊராகிய ஆரானுக்குச் சென்றான். அங்கே அவனுக்கு அடைக்கலம் தந்தவன் லாபான். இந்த லாபான் ரெபெக்காளின் உடன்பிறந்தான். எனவே யாக்கோபுக்குத் தாய்மாமன். யாக்கோபு மணந்ததும் அம்மாமன் மகளிர் இருவரையே. மாமன் மகளை மணப்பது நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று. மருமகன் என்னும் ஒரே சொல் உடன்பிறந்தாள் மகனையும் மகளின் கணவனையும் நம் மொழியில் குறிப்பது போலவே, யாக்கோபும் லாபானுக்கு இருவகையிலும் மருமகனாக நின்றான்.

உறவு நெருக்கமாயினும் உள்ளம் நெருங்கவில்லை. இளையவளாகிய ராகேலுக்கென ஏழாண்டு உழைத்தவனிடம் மூத்தவளாகிய லேயாளை மணமுடித்துக் கொடுத்தான் மாமன். மீண்டும் ராகேலுக்காக ஏழாண்டு, மந்தைக்காக ஆறாண்டு, ஆக இருபதாண்டு. பகலில் வெயிலும் இரவில் பனியும் வாட்டின என்றும், கூலியைப் பத்துமுறை மாற்றினீர் என்றும் யாக்கோபு பிற்றை நாளில் குறை கூறினான். இறுதியில், லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கச் சென்ற வேளை பார்த்து, மனைவியரையும் மக்களையும் ஒட்டகங்களில் ஏற்றி, மந்தையோடு சொல்லாமற் புறப்பட்டுவிட்டான். ராகேலோ தன் தந்தையின் மனைத்தெய்வ உருவங்களைக் கணவனும் அறியாவண்ணம் எடுத்துச் சென்றாள்.

மூன்றாம் நாள் செய்தி அறிந்தான் லாபான். ஏழுநாள் பயணம் தொடர்ந்து சென்று, யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள கீலேயாத் மலைநாட்டில் அவர்களை எட்டினான். அந்நிலப்பகுதி இன்றைய ஜோர்டான் நாட்டில் அடங்கும். யாக்கோபுக்குத் தீங்கு செய்யலாகாதென முதல்நாள் இரவில் கனவிலே லாபானுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. எனினும் அவன் வழக்காடாமல் விடவில்லை. சொல்லியிருந்தால் பாட்டோடும் முழவோடும் யாழோடும் வழியனுப்பியிருப்பேனே, பேரப்பிள்ளைகளை முத்தமிடவும் விடாமல் வந்துவிட்டாயே என்று நொந்துகொண்டான். காணாமற்போன உருவங்களைக் கூடாரந்தோறும் தேடினான், கிடைக்கவில்லை. யாக்கோபும் இருபதாண்டுக் குறையையெல்லாம் கொட்டித் தீர்த்தான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் உடன்படிக்கை செய்துகொள்வோம் என்றான் லாபான். யாக்கோபு ஒரு கல்லை எடுத்துத் தூணாக நிறுத்தினான். உறவினர் கற்களைப் பொறுக்கிவந்து குவித்தனர். அக்குவியலின்மேல் எல்லோரும் உணவருந்தினர்.

அக்குவியலுக்குத்தான் பெயர் சூட்டினர். லாபான் அதற்கு ஜெகர்சகதூதா என்று பெயரிட்டான். யாக்கோபு கலயெத் என்று பெயரிட்டான். லாபான் பேசியது அரமேயம். அம்மொழியில் முதற்பகுதியாகிய யெகர் என்பது கற்குவியலையும், சாகதூதா என்பது சாட்சியத்தையும் குறிக்கும். யாக்கோபு பேசியது எபிரெயம். அதில் கல் என்றொலிக்கும் சொல்லுக்குக் குவியல் என்றும், ஏத் என்பதற்குச் சாட்சி என்றும் பொருள். எபிரெயத்துக் கல் நம் மொழிக் கல்லோடு ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே; அதனை உறவெனக் கொள்ளுதல் பிழையாகும். ஆக, இரு பெயர்க்கும் பொருள் ஒன்றே: சாட்சிக் குவியல். மலைநாட்டின் பெயராகிய கீலேயாத்தையும் இக்கலயெத்தோடு இயைத்துக் காட்டுவது அவ்வதிகாரத்தின் கருத்து.

இதிற் கவனிக்கத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. தோரா எனப்படும் முதல் ஐந்து ஆகமங்களும் எபிரெயத்தில் எழுதப்பட்டவை. அவ்வைந்து நூல்களிலும் அரமேய மொழியில் உள்ள தொடர் இந்த இரண்டு சொற்களே. பின்வந்த நூல்களாகிய எஸ்றாவிலும் தானியேலிலும் அரமேயப் பகுதிகள் நீண்டு செல்கின்றன. எரேமியாவில் ஒரு வசனம் உண்டு. ஆனால் முதல் ஐந்து நூல்களில், அயல்மொழியான் ஒருவன் வாய்ச்சொல்லை அவன் மொழியிலேயே வைத்துக் காத்த தொடர் இது ஒன்றே. அயலானது பெயரைத் தம் மொழியில் பெயர்த்து எழுதியிருக்கலாம், விட்டும் இருக்கலாம். எழுதியவர் அவ்வாறு செய்யவில்லை. லாபான் சூட்டிய பெயரை முதலிலும் தம் முன்னோன் சூட்டிய பெயரை அடுத்தும் வைத்தார்.

சாகதூதா என்னும் சொல்லின் சுற்றத்தைச் சற்று நோக்குவோம். இதன் வேர், சாட்சி கூறுதல் என்னும் பொருளுடையது. எபிரெயத்தில் இவ்வேரிற் பிறந்த சொல் மிக அரிது. யோபு நூலின் 16 ஆம் அதிகாரத்தில், துயருற்ற யோபு தன் சாட்சி விண்ணிலே உளது எனக் கூறுமிடத்து, எபிரெயச் சொல்லும் இவ்வரமேய உறவுச் சொல்லும் இணையாக நிற்கின்றன. கலயெத்தில் உள்ள ஏத்தும் ஜெகர்சகதூதாவில் உள்ள வேரும் அங்கே ஒரே வசனத்தில் கூடுகின்றன எனலாம். அரமேயத்தின் கிளைமொழியாகிய சுறியானியில் சாக்தா என்பது சாட்சியையும், சமயத்துக்காக உயிர் கொடுத்தவரையும் குறிக்கும். அரபியில் இதே வேர் ஷகர ஒலி பெற்று ஷஹாதா, ஷஹீத் என வழங்கும். அங்கிருந்து பாரசீகத்தின் வழியே உருதுவுக்கும் இந்திக்கும் வந்தன ஷஹாதத், ஷஹீத் என்னும் சொற்கள்.

வடநாட்டில் வாழும் நம்மவர் இச்சொல்லை நாடோறும் கேட்கின்றனர். விடுதலைப் போரில் உயிர் துறந்த பகத்சிங்கின் பெயர்க்கு முன்னே நிற்பது இச்சொல்லே. கொல்கத்தாவில் 1828 இல் ஆக்டர்லோனி என்னும் படைத்தலைவரின் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த தூண், 1969 இல் விடுதலை வீரர்க்கு உரியதாக்கப்பட்டு ஷஹீத் மினார் எனப் பெயர் பெற்றது. அவ்வழியே செல்லும் தமிழர், லாபான் கீலேயாத் மலையிற் கூறிய சொல்லின் உறவையே அத்தூணின் பெயரிலும் கேட்கின்றனர்.

சாட்சி கூறுவோனைக் குறித்த சொல், உயிர் கொடுத்தவனைக் குறிக்கும் சொல்லாக மாறியது அரபிக்கும் சுறியானிக்கும் மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியில் மார்த்துஸ் என்பது முதலில் சாட்சி; பின்னர் சமயத்துக்காக உயிர் துறந்தவர். தமிழ்க் கிறித்தவர்கள் அத்தகையோரை இரத்தசாட்சி என்றும் வேதசாட்சி என்றும் மறைசாட்சி என்றும் வழங்குவர். கேரளத்தில் வாழ்வோர், அரசியற் போராட்டத்தில் மாண்டவரையும் மலையாளத்தில் ரக்தசாட்சி எனக் குறிப்பதைக் காண்பர். சாட்சி என்னும் வடசொல்லோ கண்ணோடு கூடியவன், அதாவது நேரிற் கண்டவன் என்னும் பொருளது. கண்டவன் சொல்லவேண்டும், சொல்லியதற்காக இழப்பு வரினும் சொல்லவேண்டும். இவ்வெண்ணம் தொடர்பற்ற மொழிகளிலும் ஒரே வழியில் வளர்ந்திருப்பது வியத்தற்குரியது.

இனி, இரு பெயர் ஏன் என்னும் வினாவுக்கு வருவோம். யாக்கோபு ஆரானில் இருபதாண்டு வாழ்ந்தவன். மாமனோடும் மனைவியரோடும் மேய்ப்பரோடும் அவன் அங்கே பழகியது அந்நாட்டு மொழியில் என்றே கொள்ளத் தோன்றும். அவன் மக்களுள் பென்யமீன் ஒழிந்த அனைவரும் பிறந்தது அம்மண்ணில். ஆயினும் குவியலுக்குப் பெயரிடும்போது அவன் வாயில் வந்தது தாய்நாட்டு மொழி. எல்லையில் நிற்கின்றான், அக்குவியலுக்கு அப்பால் மாமன் நாடு, இப்பால் தான் திரும்பிச் செல்லும் நாடு. இனி எம்மொழியான் என்பதை அவன் வாதிட்டுச் சொல்லவில்லை. கற்குவியலுக்குப் பெயரிட்டுச் சொன்னான். லாபானும் அவ்வாறே. இருவரும் மற்றவன் பெயரை மறுக்கவில்லை. பொருளில் உடன்பட்டனர், மொழியில் அவரவர் நின்றனர்.

எனினும், யாக்கோபின் வழியினர் தம் முன்னோன் அந்நாட்டோடு கொண்ட தொடர்பை மறைத்துவிடவில்லை. உபாகமத்தின் 26 ஆம் அதிகாரத்தில், முதற்கனியைக் காணிக்கையாகப் படைக்கும் ஒவ்வொருவரும், தம் தகப்பன் அலைந்து திரிந்த அரமேயன் எனத் தொடங்கி அறிக்கையிடவேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. சொந்த நிலத்தில் சொந்த விளைச்சலைக் கையில் ஏந்தி நிற்பவன், தான் வந்தேறியின் மகன் என நினைவுகூரவேண்டும் என்பது அதன் நோக்கம்.

மொழிகளின் பின்வரலாறு இன்னும் விந்தையானது. கி.மு. 701 இல் அசீரியப் படை எருசலேமை வளைத்தபோது, மதிலருகே வந்த அசீரிய அதிகாரியிடம் யூதாவின் அலுவலர்கள், அரமேயத்திற் பேசும், எங்களுக்கு விளங்கும். மதிலின்மேல் இருக்கும் மக்கள் கேட்க யூத மொழியிற் பேசவேண்டா என்று வேண்டியதாக இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் கூறுகின்றது. அன்று அரமேயம் அலுவலர் மட்டும் அறிந்த மொழி. பின்னர்ப் பாபிலோனியச் சிறைவாசமும் பாரசீகர் ஆட்சியும் வந்தன. பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாக அரமேயம் எகிப்து முதல் நம் நாட்டின் வடமேற்கு எல்லை வரை பரவிற்று. காந்தகாரில் 1958 இல் கிடைத்த அசோகரின் கல்வெட்டு, ஒரே செய்தியைக் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் கூறுகின்றது. கேரளத்துச் சுறியானிக் கிறித்தவர்களின் வழிபாட்டில் அரமேயத்தின் கிளைமொழி இன்றும் ஒலிக்கின்றது.

யூத மக்களிடையேயும் அரமேயமே நாளடைவில் வீட்டுமொழியாயிற்று. ஆலயங்களில் எபிரெய மறையை வாசித்தபின் அரமேயத்திற் பொருள் கூறும் வழக்கம் தோன்றிற்று. அவ்விளக்கங்களுக்குத் தர்கூம் என்று பெயர். இதனால் நேர்ந்தது யாது? யாக்கோபின் வழித்தோன்றல்களுக்கு, லாபான் சூட்டிய பெயரே கேட்டவுடன் விளங்கும் பெயராயிற்று. தம் முன்னோன் சூட்டிய கலயெத்துக்குத்தான் விளக்கம் வேண்டியதாயிற்று. எல்லைக்கு அப்பால் விட்டுவந்த மொழி, சில நூற்றாண்டுகள் கழித்து வீட்டுக்குள் வந்து அமர்ந்தது.

இம்மாற்றத்தைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தனர். பாரசீக மன்னரிடம் பணியாற்றிப் பின் எருசலேமுக்கு வந்த நெகேமியா, அயல் மகளிரை மணந்தோரின் பிள்ளைகளிற் பாதிப்பேர் அஸ்தோத் மொழியைப் பேசுவதையும் யூத மொழி அறியாதிருப்பதையும் கண்டார். அவர் சினந்தார், கடிந்தார், சிலரை அடித்து மயிரைப் பிடித்து இழுத்ததாகவும் அவர் பெயரால் வழங்கும் நூல் கூறுகின்றது. அச்சினம் அவர் வேண்டிய பயனைத் தரவில்லை; வீட்டுமொழி மாறியே தீர்ந்தது. ஆனால் அதே நூலின் 8 ஆம் அதிகாரத்தில் வேறொரு காட்சி உண்டு. எஸ்றா மறைநூலைத் தெருவிலே திரளான மக்கள் முன் வாசிக்கிறார். உடனிருந்தோர் அதன் பொருளை மக்களுக்கு விளக்குகின்றனர். ஆடவர், மகளிர், கேட்டு உணரத்தக்க சிறுவர் அனைவரும் நின்று கேட்கின்றனர். தர்கூம் என்னும் வழக்கத்தின் தொடக்கத்தை யூத மரபு இவ்விடத்திற் காண்கின்றது. வீட்டில் வழக்கொழிந்த எபிரெயம் வழிபாட்டிலும் கல்வியிலும் அழியாது நின்றது இவ்வாசிப்பினால், கடிந்ததனால் அன்று. பிறமொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் நலம்.

இப்பெயர்கள் மொழிபெயர்ப்பாளர் கையில் அடைந்த நிலையையும் காண்போம். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், இரு பெயர்களின் ஒலியையும் விட்டுவிட்டுப் பொருளை மட்டும் தந்தனர். லாபான் சாட்சியக் குன்று என்றும், யாக்கோபு சாட்சிக் குன்று என்றும் பெயரிட்டதாக அங்கே ஆயிற்று. ஒரே மொழியில் இருவரும் ஏறக்குறைய ஒரே பெயரைச் சூட்டியதாகத் தோன்றவே, இரண்டு பெயர் எதற்கு என்பது கற்பவர்க்கு விளங்காமற் போயிற்று. பின்னர் இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் இக்குறையை உணர்ந்தார் போலும். அவரும் பொருளையே தந்தார். ஆனால் அவரவர் தத்தம் மொழியின் இயல்புப்படி பெயரிட்டனர் என ஒரு விளக்கத் தொடரைத் தாமே சேர்த்துவைத்தார். தமிழ் மொழிபெயர்ப்பிலோ இரு பெயர்களும் ஒலி மாறாது ஜெகர்சகதூதா எனவும் கலயெத் எனவும் நிற்கின்றன. பொருளைக் காத்தால் மொழி மறைகின்றது. மொழியைக் காத்தால் பொருள் மறைகின்றது. இரண்டையும் காக்க, சொல்லுக்கு அருகே விளக்கம் சொல்லும் ஒருவர் வேண்டும்.

அக்குவியலுக்கு மூன்றாவது பெயரும் உண்டு, அது மிஸ்பா. பார்த்திருத்தல், காத்திருந்து நோக்குதல் என்னும் பொருளுள்ள வேரிற் பிறந்தது அச்சொல். தினைப்புனத்தில் கிளி கடியும் மகளிர் ஏறியிருந்த இதணத்தையும், காவற்கோபுரத்தையும் நினைத்துக்கொண்டால் அதன் பொருள் தெளிவாகும். உயரமான நோக்கிடங்கள் பலவற்றுக்கும் இப்பெயர் வழங்கியமையால் விவிலியத்தில் மிஸ்பா ஒன்றன்று. யெப்தா வாழ்ந்த மிஸ்பா கீலேயாத்தில் இருந்தது. சாமுவேல் மக்களைக் கூட்டிய மிஸ்பா எருசலேமுக்கு வடக்கே பென்யமீன் நாட்டில் இருந்தது, கி.மு. 586 இல் எருசலேம் வீழ்ந்தபின் ஆளுநனாக அமர்த்தப்பட்ட கெதலியா அங்கேதான், உடனிருந்து உணவருந்தியோர் கையாலேயே கொலையுண்டான். தெல் என்நஸ்பே என்னும் மேட்டில் 1926 முதல் 1935 வரை பாதே என்னும் அமெரிக்க அறிஞர் அகழ்ந்து கண்ட மதிலுடைய ஊரே இந்த மிஸ்பா என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. இன்றைய எபிரெயத்திலும் இச்சொல் நோக்கிடத்துக்கு வழங்குகின்றது. நெகேவ் பாலைநிலத்தில் உள்ள மிட்ஸ்பே ராமோன் என்னும் ஊரின் பெயர் அதற்குச் சான்று.

கற்குவியலுக்கு ஏன் இப்பெயர்? நாம் ஒருவர்க்கொருவர் கண்ணுக்கு மறைந்திருக்கும் காலத்தில் ஆண்டவர் நம் நடுவே பார்த்திருப்பார் என்றான் லாபான். இச்சொற்களைத் தனியே எடுத்துக் கேட்டால் கனிந்த வாழ்த்தாகவே தோன்றும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் அவ்வாறே கொள்ளப்பட்டது. பிரிந்துசெல்லும் காதலரும் நண்பரும் மிஸ்பா எனப் பொறித்த வெள்ளி அணியூசிகளையும் மோதிரங்களையும் ஒருவர்க்கொருவர் அளித்தனர். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரின்போது போர்க்களம் சென்றவர்க்கும் வீட்டில் இருந்தவர்க்கும் இடையே இவ்வணிகள் அடையாளமாயின. அமெரிக்காவின் டென்வர் நகரில் இரயில் நிலையத்துக்கு முன் 1906 இல் ஒரு பெரிய வளைவு எழுப்பினர். ஊருக்குள் வருவோர் காணும் பக்கத்தில் நல்வரவு என்னும் சொல்லும், ஊரைவிட்டுப் புறப்படுவோர் காணும் பக்கத்தில் மிஸ்பா என்னும் சொல்லும் விளங்கின. 1931 இல் அவ்வளைவு அகற்றப்பட்டது.

ஆனால் லாபான் அடுத்துக் கூறியதைக் கேளுங்கள். என் மகளிரைத் துன்புறுத்தினாலும், அவர்களன்றி வேறு மகளிரை மணந்தாலும், நம்மோடு மனிதர் எவரும் இல்லாவிடினும் கடவுள் சாட்சி என்றான். தீங்கு செய்யும் நோக்கத்தோடு நான் இக்குவியலைத் தாண்டி உன்னிடம் வாரேன், நீயும் இதனைத் தாண்டி என்னிடம் வரலாகாது என்றான். வாழ்த்தன்று அது, எச்சரிக்கை. ஒருவரையொருவர் நம்பாத இருவர், தம்மாற் காவல் செய்ய இயலாத தொலைவுக்குப் பிரியும்போது, காவலைக் கடவுளிடம் ஒப்படைத்தனர். இதனைச் சுட்டிக்காட்டி, மிஸ்பா அணிந்தோரை அறியாதார் என எள்ளும் உரையாசிரியரும் உளர்.

அவ்வெள்ளல் முழுதும் நேரியதன்று என்பது நம் கருத்து. லாபானின் சொல்லில் ஐயம் இருந்தது உண்மையே. ஆனால் ஐயம் மட்டும் இருந்ததில்லை. தொலைவில் உள்ள மருமகன் கையில் மகளிரை விட்டுச்செல்லும் தந்தை கூறும் சொல் அது. எட்டாத ஊருக்கு மகளை மணம்முடித்து அனுப்பிய தந்தையர் நம்முள் எத்தனையோ பேர். நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் மாப்பிள்ளையிடம் கூறுவது வேண்டுகோளா, எச்சரிக்கையா? இரண்டும்தான். மறுநாள் வைகறையில் லாபான் எழுந்து, முன்பு கிடைக்காமற்போன அந்த முத்தங்களைத் தன் மகளிர்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தந்து, வாழ்த்திவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான். அதன்பின் அவனை அக்கதையிற் காண்பதற்கில்லை. மூலப்பொருளை அறிந்து அணிவோர் அவ்வணியைக் கழற்ற வேண்டியதில்லை. பிரிவென்பது அன்பினால் மட்டுமன்று, வாக்குத் தவறாமையாலும் காக்கப்படுவது என்பதை உணர்ந்தால் போதும்.

இவ்வரலாற்றுக்குத் தொடர்ச்சி போன்றதொரு நிகழ்ச்சி யோசுவா நூலின் 22 ஆம் அதிகாரத்தில் உளது. இஸ்ரவேலர் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது, ரூபன், காத் என்னும் இரு குலத்தாரும் மனாசே குலத்திற் பாதியினரும் ஆற்றுக்குக் கிழக்கே, அதே கீலேயாத்துப் பக்கத்திற் குடியேறினர். அவர்கள் யோர்தான் கரையில் ஒரு பெரிய பலிபீடம் கட்டினர். இதனைப் பிரிவினைச் செயலெனக் கருதிய மேற்குக்கரைக் குலத்தார் போருக்கு ஆயத்தமாயினர். முதலில் பினெகாசையும் பத்துத் தலைவரையும் தூது விடுத்தனர். குடியேறியோர் சொன்ன விடை இது: பலியிடுவதற்கு இதனைக் கட்டவில்லை. நாளை உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளை நோக்கி, இந்த ஆறு நமக்கு எல்லை, உங்களுக்கு எங்களோடு பங்கில்லை என்று சொல்லக்கூடும். அப்போது காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றே கட்டினோம். தூதர் அவ்விடையை ஏற்றனர், போர் நின்றது. அப்பீடத்துக்கு இட்ட பெயர் ஏத். சாட்சி என்பதே பொருள். கலயெத்தின் பின்பாதியாகிய அச்சொல்தான்.

இரண்டு கற்பணிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். லாபானும் யாக்கோபும் குவித்தது பிரிந்து நிற்பதற்குச் சாட்சி. இக்குலத்தார் கட்டியது பிரியாமைக்குச் சாட்சி. ஒரே மலைநாடு, ஒரே சொல், இருவேறு நோக்கம். ஆற்றைக் கடந்து குடியேறியோர் தமக்காக அஞ்சவில்லை. தாம் யார் என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்கள் அஞ்சியது பிள்ளைகளுக்காக. அச்சம் இரு திசையிலும் உண்டு: இங்குள்ளோர் நீ அயலான் என்பர், அங்குள்ளோர் நீ எம்மவன் அல்லன் என்பர். இதனை வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்லாந்தின் பிரைட்டன் நகரில் 1868 இல் கட்டிய ஆலயம் ஒன்று கலயெத் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. மிஸ்பாவோ நகைகளிலும் ஊர்களிலும் வீட்டு வாயில்களிலும் பரவிவிட்டது. நீண்டு ஒலிக்கும் ஜெகர்சகதூதா மட்டும் அவ்வசனத்தைவிட்டு வெளியே அதிகம் வரவில்லை. ஆயினும் அதனை அவ்வசனத்திலிருந்து எவரும் நீக்கவும் இல்லை. எபிரெயம் பேசியோர் அதனை எழுதினர். அரமேயம் பேசியோர் அதனைக் கேட்டு மகிழ்ந்திருப்பர். இன்று இரு மொழியும் அறியாத தமிழர் அதனைத் தம் எழுத்தில் வாசிக்கின்றனர்.

நம் வீட்டிலும் ஒரு பொருளுக்கு இரு பெயர் வழங்கலாம். பிள்ளைகள் கடைத்தெருவிற் கற்ற பெயர் ஒன்று, பாட்டி சொல்லும் பெயர் ஒன்று. அவற்றுள் ஒன்றை விலக்குவதற்கு முன், கீலேயாத்து மலையின் அவ்விருவரை நினைப்போம். அடுத்தமுறை ஆலயத்தில் அந்த அதிகாரத்தை வாசிக்க நேர்ந்தாலும், பிறர் வாசிக்கக் கேட்டாலும், 47 ஆம் வசனத்தில் சற்றே நின்று, அருகில் இருக்கும் சிறுவனுக்கு இரு பெயரின் பொருளையும் கூறுங்கள். சாட்சிக் குவியல் என்பதைத் தமிழில் அவன் ஒருமுறை சொல்லட்டும். அப்போது அக்குவியலுக்கு மற்றொரு மொழியிலும் பெயர் கிடைத்துவிடும்.